செய்முறைக்கு வேண்டியவை

"வாரோம்."

சென்ற வாரம் நாகஜோதியின் கைப்பேசியில் வந்து விழுந்த அந்த ஒற்றைச் சொல்லை அவள் இன்னும் யாரிடமும் காட்டவில்லை. கணவர் அழகுமலையிடம் காட்டினால் அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். மகள் ரோகிணியிடம் காட்டினால் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவாள். இரண்டையும் தாங்கும் நிலையில் அவள் இல்லை.

நான்கு வருஷமாகத் தன் அண்ணன் சோலைக்குத் தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழும். பதில் வராது. ரோகிணிக்குப் பசுமலைக் கல்லூரியில் வேதியியல் கிடைத்த சந்தோஷத்தில், முதலாண்டு அறிமுக விழாவுக்குக் கல்லூரி அனுப்பியிருந்த அறிவிப்பை அப்படியே அண்ணனுக்கும் அனுப்பிவைத்தாள். மருமகள் காலேஜில் சேரப்போகிறாள் என்று தாய்மாமனுக்குத் தெரியட்டுமே என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. அதற்குத்தான் இந்தப் பதில்.

எங்கே வருகிறார், வீட்டுக்கா, எப்போது என்றெல்லாம் திருப்பிக் கேட்க ஆசைதான். கேட்கப்போய் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டாள்.

ஆக, விழா நாளன்று விடிந்ததும் அவள் செய்த முதல் காரியம், அண்ணனுக்குப் பிடிக்குமே என்று கருப்பட்டிப் பணியாரத்துக்கு மாவு கரைத்ததுதான்.

"எதுக்கும்மா இம்புட்டு மாவு? நம்ம மூணு பேருதான?" என்று கேட்டாள் ரோகிணி.

"மிஞ்சுனா சாயங்காலம் திங்கலாம்" என்றாள் நாகஜோதி, மகள் முகத்தைப் பார்க்காமல்.

திருநகரிலிருந்து பசுமலைக்குக் கொஞ்சம் எட்டி நடந்தால் நடந்தே போய்விடலாம். ஆனால் அழகுமலை செய்த ஏற்பாட்டைப் பார்த்தால், மகளைக் கப்பலேற்றி அனுப்பப் போகிறார் என்றுதான் தோன்றும். மின்வாரிய அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லி, முதல்நாளே கல்லூரி வாசல்வரை போய்ப் பார்த்து, பேருந்து எங்கே நிற்கிறது, அரங்கத்துக்கு எந்தப் பக்கம் போகவேண்டும், எந்த வரிசையில் உட்கார்ந்தால் மின்விசிறிக் காற்று வரும் என்பதெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். காவலாளி கடைசியில் 'சார் நீங்கதான் சேரப்போறீங்களா' என்று கேட்டுவிட்டானாம். அதை அவரே வந்து பெருமையாகச் சொன்னார்.

நல்ல மனிதர். ஒரேயொரு குறை உண்டு. சங்கடமான பேச்சு என்று எது வந்தாலும், 'பெறகு பேசிக்குவோம்' என்று ஒத்திப்போட்டுவிடுவார். வீட்டில் எத்தனையோ விஷயங்கள் அந்தப் பிறகுக்காகக் காத்துக்கிடக்கின்றன.

ரோகிணி கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்து பழகிக்கொண்டிருந்தாள். 'மைசெல்ஃப்' என்று ஆரம்பிக்கக்கூடாது, 'ஐ ஆம்' என்றுதான் ஆரம்பிக்கவேண்டும் என்று தோழி எச்சரித்திருந்தாள். அவள் நாக்கோ மைசெல்ஃபை விடமாட்டேன் என்றது. ஆய்வகத்துக்கான வெள்ளைக் கோட்டை நேற்றே தேய்த்து, மடித்து, பையில் வைத்தாயிற்று. அதையும் மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு இன்றைக்கு ஒரே ஒரு ஆசை. கூட்டத்தோடு கூட்டமாகப் போய், யார் கண்ணிலும் தனியாகப் படாமல், ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வந்துவிடவேண்டும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அவளுக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுவிடும்.

அந்தச் சுபாவத்தில் தொடங்கியதுதான் மாமாவோடு வந்த முறிவு. அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். மூன்று பேரும் இந்த வீட்டுக்குள்தான் இருந்தார்கள்.

ரோகிணி ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பெரியவளானாள். தாய்மாமன் சீர் கொண்டுவந்து சடங்கு செய்வது என்று நாள் குறித்தார்கள். 'என்னைய நடுக்கூடத்துல உக்கார வச்சு ஊரே பாக்கணுமா? மாட்டேன்' என்று அவள் அழுதாள். பிடிவாதமாகச் சொன்னாள். நாகஜோதி ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்துவிட்டு, மகள் சொல்வதும் நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டாள். விசேஷம் இல்லை என்று முடிவாயிற்று. சோலையிடம் சொல்லும் பொறுப்பை அழகுமலை ஏற்றுக்கொண்டார். 'மச்சான்ட்ட நான் பேசிக்கிறேன்.'

அவர் பேசவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். குறித்த ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் பக்கத்திலிருந்து சோலை வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொட்டுச் சத்தம் கேட்டு வீதியில் அத்தனை பேரும் வாசலுக்கு வந்தார்கள். அழகுமலை கைலியோடு கதவைத் திறந்து, விசேஷம் வேண்டாமென்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். தட்டையாவது உள்ளே வைக்கலாமா என்று சோலை கேட்டார். வேடிக்கை பார்க்கிற வீதியைப் பார்த்து வெட்கிப்போன அழகுமலை, 'பெறகு பேசிக்குவோம் மச்சான்' என்றார்.

வண்டி திரும்பியது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற மாப்பிள்ளைக்குத் தன் கொட்டும் தட்டும் கேவலமாகப் போய்விட்டன என்று சோலை முடிவுகட்டிக்கொண்டார். அதற்குப் பின் திருநகர்ப் பக்கம் அவர் தலைவைக்கவில்லை.

* * *

நாகஜோதி பணியாரத்தைச் சுட்டு மூடிவைத்துவிட்டு வாசலை வாசலைப் பார்த்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றுபோனது. நேரமாகிறது என்று அழகுமலை இரண்டு தரம் செருப்பைப் போட்டுக் கழற்றினார். இதற்குமேல் தாமதிக்க ஒரு காரணமும் கிடைக்காமல், நாகஜோதி எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்து, 'திருமங்கலத்துல இருந்து யாராச்சும் வந்தா உக்கார வையுங்க' என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பேருந்தில் இருந்து இறங்கி நடக்கும்போது ரோகிணிக்கு நெஞ்சு படபடத்தது. அது நல்ல படபடப்பு. அவளைப் போலவே புதுச் சுடிதாரும் புதுப் பையுமாகப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோர் பின்னாலும் அவரவர் அப்பா அம்மா. எல்லா அப்பாக்களும் ஒரே மாதிரி மகள் பையைத் தாங்கள் வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதில் தன்னை யார் தனியாகப் பார்க்கப்போகிறார்கள் என்று நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அப்போதுதான் கொட்டுச் சத்தம் கேட்டது.

கல்லூரி வாசலுக்கு இடப்புறம், புங்கை மர நிழலில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று நின்றது. அதன் முன்னால் தரையில் ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் வரிசையாகத் தட்டுகள். வாழைப்பழம், ஆப்பிள், மல்லிகைப்பூ, வளையல், பட்டுச்சேலை, கண்ணாடிக்காகிதம் சுற்றிய சாக்லேட். அதோடு முடியவில்லை. ஒரு தட்டில் பேனாக்களை விசிறி மாதிரி அடுக்கியிருந்தது. இன்னொன்றில் குடை. இன்னொன்றில் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும். காலேஜுக்குப் போகிற பிள்ளைக்கு என்று யோசித்து யோசித்து வாங்கிய சாமான்கள்.

தட்டுகளுக்குப் பின்னால், மொடமொடவென்று கஞ்சி போட்ட வேட்டியில், சோலை நின்றார். பக்கத்தில் கொட்டடிக்கிறவர் ஒருவர். சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். வண்டியின் முன்சீட்டில் சோலையின் மனைவி சீனியம்மாள், சிவப்புத் துணி போட்டு மூடிய ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எம் மருமக வந்துருச்சு. நல்லா அடிண்ணே" என்றார் சோலை.

வாசலில் நின்ற அத்தனை தலைகளும் ரோகிணியின் பக்கம் திரும்பின. யாரோ ஒரு பையன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். கல்யாணப் பெண் யாரு என்று ஒருத்தி தன் அம்மாவிடம் கேட்டது ரோகிணியின் காதில் தெளிவாக விழுந்தது. அவளுக்குக் கை சில்லிட்டுவிட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

நாகஜோதி ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் ஒரு வார்த்தைகூட உருப்படியாக வரவில்லை. அழகுமலை நின்ற இடத்திலேயே நின்றார். நான்கு வருஷம் கழித்து மச்சானைப் பார்க்கிறார். வணக்கம் சொல்லக் கையைத் தூக்கியவர், மகளின் பை கையில் இருந்ததால் பையோடு சேர்த்துத் தூக்கினார்.

"மாமா, எதுக்கு மாமா இதெல்லாம்?" என்றாள் ரோகிணி. குரல் பாதிதான் வெளியே வந்தது.

சோலைக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, எட்டப் பிடித்து, அறிவிப்பைத் திறந்து காட்டினார்.

"நீங்கதானத்தா வரச் சொன்னீக. இந்தா போட்டுருக்காகள்ல, 'குடும்பத்தினரை அன்புடன் அழைக்கிறோம்'னு. அதுக்கும் கீழ பாரு, 'செய்முறைக்கு வேண்டியவற்றைத் தவறாமல் கொண்டுவரவும்'. அன்னைக்குத்தான் எஞ் செய்முறைக்குக் குடுத்துவைக்கல. இன்னைக்கு நீங்களா வாய்விட்டுக் கேட்டுருக்கீக. வராம இருப்பேனா?"

ரோகிணி அந்த வரியை ஏற்கெனவே எத்தனையோ முறை படித்தவள். அதைப் படித்துத்தான் வெள்ளைக் கோட்டு வாங்கினாள். பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறைத் தேர்வு எழுதியவளுக்குச் செய்முறை என்றால் உப்பும் அமிலமும் சோதனைக்குழாயும்தான். சோலை எட்டாவதோடு நின்றவர். அவர் ஊரில் செய்முறை என்றால் ஒன்றுதான் உண்டு. காதுகுத்தோ கல்யாணமோ, உறவுக்காரன் தட்டெடுத்து வந்து செய்கிற முறை. அதிலும் தாய்மாமன் செய்முறை இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது.

விஷயம் புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், தன்னை யாருமே அழைக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை தட்டோடு, இத்தனை பேருக்கு முன்னால், இரண்டாவது வாசலிலிருந்தும் அவர் திரும்பவேண்டிவரும்.

சொல்லாமலே விட்டுவிடலாம் என்று அவள் முடிவு செய்த நேரத்தில், கழுத்தில் அட்டைகளை மாலையாக மாட்டிக்கொண்டு பேராசிரியை மைத்ரேயி வந்து சேர்ந்தார்.

வேதியியல் துறைப் பிள்ளைகளைப் பெயர் பார்த்து உள்ளே அனுப்புவது அவர் வேலை. அந்த அறிவிப்பை எழுதியதும் அவர்தான். எல்லாத் துறையும் ஆங்கிலத்தில் அனுப்ப, நாம் நல்ல தமிழில் அனுப்புவோம் என்று ஆசைப்பட்டு எழுதியது. பாவம், ப்ராக்டிகல் என்று எழுதியிருந்தால் இன்றைக்கு ஒரு வம்பும் இல்லை.

"ரோகிணிதானே? கூட வர்றவா ரெண்டு பேருக்கு அட்டை தரேன். ஹால்ல இடம் பத்தலைம்மா, அதான் ரெண்டே பேர். செய்முறைக்கு வேண்டியதெல்லாம் கொண்டு வந்தாச்சா?"

"எல்லாங் கொண்டாந்துட்டோம் டீச்சர். ஒண்ணும் கொறையில்ல" என்றார் சோலை, தட்டுகளைக் கையால் காட்டி.

மைத்ரேயி தட்டுகளைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். கொட்டுக்காரரையும் பார்த்தார்.

"ஐயா, நான் செய்முறைன்னு எழுதினது லேப்ல பண்றதை. ப்ராக்டிகல். ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு நோட்டு, அவ்வளவுதான். இது..." என்று ஆரம்பித்தவர், எதிரில் இருந்த முகத்தைப் பார்த்ததும் மேலே பேசாமல் நிறுத்திக்கொண்டார். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தச் சொல்லுக்கு வெளியில் என்ன அர்த்தம் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சோலை கைப்பேசியை மறுபடி எட்டப் பிடித்து அந்த வரியைப் படித்தார். வாய் மட்டும் அசைந்தது. பிறகு தங்கையைப் பார்த்தார்.

"அப்ப, என்னைய வரச் சொல்லலையா ஜோதி?"

நாகஜோதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சோலை சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. தட்டையெல்லாம் வண்டியில் ஏற்றும்படி சொந்தக்காரர்களிடம் சாதாரணமாகச் சொன்னார். வழியை அடைத்ததற்கு மன்னித்துக்கொள்ளும்படி மைத்ரேயியிடம் கையெடுத்துக் கும்பிட்டார். கொட்டுக்காரர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார். பேனாத் தட்டைத் தூக்கியவன் கை ஆடியதில் இரண்டு பேனாக்கள் மண்ணில் விழுந்தன. சோலை குனிந்து அவற்றை எடுத்து, வேட்டியில் துடைத்து, பழையபடி விசிறி மாதிரியே வைத்தார்.

அதை ரோகிணி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அழகுமலை ஓரடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். "மச்சான், இப்ப ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க, பெற..."

"அப்பா, நீங்க இருங்க" என்றாள் ரோகிணி.

தகப்பன் பேச்சை நடுவில் வெட்டியது அதுதான் முதல் தடவை. அந்தப் பிறகு என்கிற சொல் முழுதாக வெளியே வந்துவிட்டால் மாமா ஜென்மத்துக்கும் திரும்பமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் போய், சோலைக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டாள். எல்லோரும் பார்த்தார்கள். கை சில்லிட்டது சில்லிட்டபடியே இருந்தது.

"மாமா, அன்னைக்கு வேணாம்னு சொன்னது அப்பா இல்ல. நான்தான்."

சோலை அவளைப் பார்த்தார்.

"கூட்டத்துக்கு முன்னால என்னைய உக்கார வைக்காதீங்கன்னு நான்தான் அழுதேன். இப்பக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன் மாமா. அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா உங்க வண்டி திரும்புனப்ப மாடியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எறங்கி வந்து, உங்க மேல கோவமில்ல மாமா, எனக்கு வெக்கமா இருக்குன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அது எந் தப்பு."

"ஏத்தா, நீ சின்னப்புள்ள..." என்று சோலை ஆரம்பித்தார்.

"உங்ககிட்டப் பேசிக்கிறேன்னு சொன்னது நான் மச்சான். பேசல" என்றார் பின்னாலிருந்து அழகுமலை. குரல் கம்மியிருந்தது. மனிதர் வேறொன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. அவ்வளவு சொன்னதே அவருக்குப் பெரிய காரியம்.

சோலை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான்கு வருஷமாகத் தன் கொட்டும் தட்டும் கேவலம் என்று நினைத்து உள்ளுக்குள் புழுங்கியவர். அது அப்படி இல்லை என்பது மனசில் இறங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ரோகிணி அப்பா கையிலிருந்த தன் பையை வாங்கித் திறந்தாள். தேய்த்து மடித்த வெள்ளைக் கோட்டை வெளியே எடுத்தாள். அதை வைக்கத் தோதாக ஒரு தட்டைத் தேடியபோது, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது சீனியம்மாளின் மடியில் இருந்த தட்டுதான். அவள் கை நீட்டியதும் சீனியம்மாள் சட்டென்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது வேணாந்தா. வேற எடுத்துக்க."

ரோகிணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடை இருந்த தட்டை எடுத்தாள். குடையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் கோட்டை வைத்து, பக்கத்துத் தட்டிலிருந்து வெற்றிலையும் ஒரு முழம் மல்லிகையும் எடுத்து மேலே வைத்தாள். தட்டை மாமா கையில் கொடுத்தாள்.

"டீச்சர் கேட்ட செய்முறைக்கு வேண்டியது இதான் மாமா. இத நீங்கதான் செய்யணும்."

சோலை தட்டைத் தங்கையிடம் கொடுத்தார். கோட்டை விரித்தார். அதை எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சேலை போர்த்துகிற மாதிரி மருமகள் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார். கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. "நல்லாப் படிக்கணுந்தா" என்றார். நாகஜோதி அழுவதை மறைக்கக்கூட முயலவில்லை.

கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்த அந்தப் பையன், என்ன நினைத்தானோ, அதைக் கீழே இறக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கொட்டுக்காரர் மைத்ரேயியைப் பார்த்து, ஒரே ஒரு அடி அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். உள்ளே முதல்வர் பேச ஆரம்பிக்கப்போகிறார், ஒன்றே ஒன்று என்றார் மைத்ரேயி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. கொட்டுக்காரர் அடித்த அந்த ஒன்று பசுமலை உச்சிவரை கேட்டிருக்கும்.

* * *

அட்டை இரண்டுதான். அதில் மாற்றமில்லை.

அழகுமலை தன் கழுத்தில் மாட்டியிருந்ததைக் கழற்றி மச்சான் கழுத்தில் மாட்டினார். அதில் 'தந்தை' என்று அச்சடித்திருந்தது. சோலை பதறிப்போய் மறுத்தார். மின்விசிறிக் காற்று வருகிற வரிசையை ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பதாகவும், இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் போய் உட்காரவேண்டும் என்றும் சொல்லி, அவரை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார் அழகுமலை. நாள் கணக்காக ஆசைப்பட்ட இடம். கொடுத்துவிட்டபோது அவருக்கு ஏனோ வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

தட்டுகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, கூட வந்தவர்களையும் கொட்டுக்காரரையும் டீக்கடைக்கு அனுப்பிவைத்தார். புங்கை மரத்தடியில் இப்போது அவரும் சீனியம்மாளும் மட்டும்தான். அரங்கத்து ஒலிபெருக்கியில் முதல்வர் பெற்றோரை வரவேற்றுப் பேசுவது இங்கேவரை கேட்டது.

"பணியாரம் சுட்டு வச்சிருக்கா ஒங்க நாத்தனா. முடிஞ்சதும் எல்லாரும் வீட்டுக்கு வரணும் தங்கச்சி" என்றார் அழகுமலை.

"வராம? வீட்டுக்கு வந்துதான் இதக் குடுக்கணும்" என்றாள் சீனியம்மாள். மடியில் இருந்த தட்டின் சிவப்புத் துணியை நீவிவிட்டாள். "கீழ இருக்கிற அம்புட்டும் அவ மாமன் செஞ்சது, அண்ணே. இது நான் கொண்டாந்தது. சாமி முன்னால வச்சு, நீங்க உங்க கையால வாங்கணும். மருதுவும் திருப்பூர்ல லீவு சொல்லிட்டு வாரான். சாயங்காலம் வந்துருவான்."

மருது அவர்களுடைய மகன். ரோகிணிக்கு முறைமாப்பிள்ளை.

அழகுமலை அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்தார். காற்றில் ஓரம் லேசாகத் தூக்கியபோது, உள்ளே குங்குமச் சிமிழும், அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு நகைப்பெட்டியும் தெரிந்தன. பெண் கேட்கிற தட்டு என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே, மகள் வெள்ளைக் கோட்டோடு முதல் நாள் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மாமன். நான்கு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் ஒட்டிய உறவு. இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் மறுபடி முறிந்துவிடுமோ என்று அவருக்கு வேர்த்தது. விழா முடியட்டும், வீட்டுக்குப் போகட்டும், சாப்பிட்டு முடிக்கட்டும் என்று மனசு வழக்கம்போல வழி சொல்லிக் கொடுத்தது. 'பெறகு பேசிக்குவோம்' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

அவர் அதை விழுங்கினார். மகள் கொடுத்துவிட்டுப் போன குடையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, அந்தத் தட்டக் கொஞ்சம் கீழ வையுங்க" என்றார். "இப்பவே பேசிருவோம்."